மலைப்பழம் கிடைக்காத ஊரில் பஞ்சாமிர்தம்



கிருத்திகை அன்னைக்கு லண்டன்ல இருந்து அக்கா போன்ல அழுதுச்சு. "சேத்தியாத்தோப்புல அம்மா பிசைஞ்ச மாதிரி வரலடா. இங்க விருப்பாச்சிப் பழமே இல்ல. முருகன் ஏத்துக்குவாரா?"

நான் சொன்னேன்: "பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைச்சது. அந்தப் பெருமை பழனிக்கே. மலைப்பழத்தில் ஈரம் கம்மி, அதனால நாள்பட இருக்கும். உன் கடைப்பழத்தில் ஈரம் அதிகம். அதனால கொஞ்சமா எடுத்து சர்க்கரை, பேரீச்சை, தேன், நெய், ஏலக்காய் சேர்த்துப் பிசைக்கா. அன்னைக்கே எல்லாருக்கும் கொடுத்துடு. கிழவரா வந்தவருக்கு வள்ளி தன் புனத்துல விளைஞ்ச தினைமாவும் தேனும்தானே கொடுத்தா? அவர் வேற ஊர்ப் பழமா கேட்டார்?"

ராத்திரி போட்டோ வந்துச்சு. பக்கத்து வீட்டுக் குழந்தைங்க கையில காலிக் கிண்ணம்.

இருக்கிற மண்ணுல கிடைக்கிறதை அன்போட படைங்க. அவன் வருவான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!