தீயில் இல்லாத சிவப்பு

திருவண்ணாமலைக் கடைகளில் விற்கும் தீபப் படம் ஒன்றை லென்ஸ் வைத்துப் பார்த்தால் தீயே காணாமல் போகும். மஜந்தாப் புள்ளிகளும் மஞ்சள் புள்ளிகளும்தான் தெரியும். சிவப்பு மை ஒரு துளிகூட இராது.

அச்சகத்தில் 'நாலு கலர்' என்றால் சையான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு. சிவப்பு அவற்றின் கூட்டில் எழும் தோற்றம். அப்படியானால் அந்தப் பெயர் எதைச் சுட்டுகிறது?

அச்சு இயந்திரத்தைவிடப் பழைய கேள்வி இது. சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்குத் தீயைப் பிரித்துக் காட்டுகிறார். அதிலுள்ள செம்மை தேஜஸுடையது, வெண்மை நீருடையது, கருமை அன்னத்துடையது. மூன்றையும் எடுத்துவிட்டால் 'தீ' வெறும் சொல். வண்ணங்கள் மூன்றே மெய் என்கிறார்.

மைகளின் பெயர்களும் அவர் பக்கமே பேசுகின்றன. ஃபுக்சின் என்று விற்கப்பட்ட சாயத்துக்கு மஜந்தா என்ற பெயரைத் தந்தது, 1859 ஜூன் 4 அன்று இத்தாலியில் அதே பெயருள்ள ஊரில் நடந்த போர். கிரேக்கர்கள் கருநீலத்தைச் சொன்ன சொல்லிலிருந்து வந்த சையான், இன்று வெளிர்நீலத்தைக் குறிக்கிறது. கறுப்புக்கு 'கே' என்ற எழுத்து, மற்றத் தகடுகளைப் பொருத்திப் பார்க்க உதவும் 'கீ பிளேட்'டிலிருந்து வந்தது. நிறத்துக்கும் பெயருக்கும் பிறவி உறவு எதுவும் இல்லை.

ஆனால் திருவண்ணாமலையின் இன்னொரு பெயரான அருணாசலம்? அருணம் என்றால் செம்மை, அசலம் என்றால் மலை. இம்மலை கிருத யுகத்தில் தீயாகவும், திரேதாவில் மாணிக்கமாகவும், துவாபரத்தில் பொன்னாகவும் இருந்து, கலியில் கல்லானது என்பது தல மரபு. கல்லான பின்னும் தீயின் நிறப்பெயரை ஊர் விடவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நினைவில் நிறுத்தும் வேலையைப் பெயர் செய்கிறது. உத்தாலகரின் கணக்கில் இந்த வேலைக்கு இடமில்லை.

காலண்டர் ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976) திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் வாழ்ந்தவர். பின்னாளில் கோவில்பட்டியில் அவர் வரைந்த தெய்வங்கள் அச்சேறி வீடுவீடாகச் சென்றன. அச்சில் புள்ளிகளாகச் சிதறிய முருகன், விளக்கேற்றும் பாட்டியின் முன்னால் முருகனாகவே நிற்கிறான். பாட்டி ஏமாறவில்லை, புள்ளிகள் எந்தத் தொலைவில் உருவமாகுமோ அந்தத் தொலைவில் நின்று கும்பிடுகிறார்.

கார்த்திகையில் மலையுச்சிக் கொப்பரையில் ஏற்றும் தீபம் 11 நாள் எரிகிறது. அணைந்தபின் அதில் எடுக்கும் கரியை ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்தி, பக்தர்களுக்குப் பிரசாதமாகத் தருகிறார்கள். அதற்கும் பெயர் மைதான்.