மனிதனை விற்ற காசில் பரக்கத் இருக்குமா?





நபி யூசுஃப் (அலை) அவர்கள் சிறுவராக இருந்தபோது அற்பமான சில திர்ஹம்களுக்கு விற்கப்பட்டார்கள். விற்றவர்களுக்கு அன்று அது லாபம். பின்னாளில் அவர்கள்தான் மிஸ்ரு நாட்டின் களஞ்சியப் பொறுப்பை ஏற்று, கடும் பஞ்சத்திலிருந்து மக்களைக் காத்தார்கள். ஒரு மனிதனை விற்கும்போது நாடு எதை இழக்கிறது என்பது விற்பவனுக்குத் தெரியாது.

இன்றும் இந்த வியாபாரம் நடக்கிறது. கட்டாய உழைப்பின் மூலம் ஆண்டுக்கு 236 பில்லியன் டாலர் சட்டவிரோத லாபம் ஈட்டப்படுவதாக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024இல் அறிவித்தது. ஏறத்தாழ 20 லட்சம் கோடி ரூபாய்! இது யாருடைய பணம்? உழைத்தவர்களின் வீடுகளுக்குப் போயிருக்க வேண்டிய பணம். போயிருந்தால் அது கடைத்தெருவுக்கு வந்திருக்கும், பிள்ளைகளின் படிப்புக்கு ஆகியிருக்கும்.

செங்கல் சூளையைப் பாருங்கள். முன்பணம் கொடுத்துக் குடும்பத்தையே அழைத்துப் போகிறார்கள். கடன் தீருவதில்லை, பிள்ளைகளும் கல் அறுக்கிறார்கள். கொத்தடிமை முறையை நம் நாட்டில் 1976இலேயே சட்டம் ஒழித்துவிட்டது. ஆனாலும் நடக்கிறது. நியாயமான கூலி கொடுக்கும் முதலாளி, கூலியே கொடுக்காதவனோடு விலையில் போட்டியிட முடியுமா? கடைசியில் அவரும் கூலியைக் குறைக்கிறார். ஊர் முழுக்க உழைப்பின் மதிப்பு சரிகிறது.

அடுத்து நம் இளைஞர்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சுற்றுலா விசாவில் அனுப்பி, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்துகிறார்கள். அங்கே இணைய மோசடி செய்ய வைத்து அடிக்கிறார்கள். 2025 மார்ச்சில் மட்டும் 500க்கும் மேற்பட்ட இந்தியர்களை அரசு மீட்டுவந்தது. தாயின் நகையை அடகு வைத்துப் போன பிள்ளை, வட்டிக் கடனோடு திரும்புகிறான். அவனை மிரட்டிச் செய்ய வைத்த மோசடியில் எத்தனையோ பேரின் சேமிப்பும் போகிறது.

கண்ணியத்திற்குரியவர்களே! மறுமையில் மூன்று பேருக்கு எதிராக அல்லாஹ்வே வழக்காடுவான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. அவர்களில் ஒருவன், சுதந்திரமான மனிதனை விற்று அந்தக் காசைச் சாப்பிட்டவன். இன்னொருவன், வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவன். ஆள் கடத்துபவன் இந்த இரண்டையும் சேர்த்தே செய்கிறான். "நான் ஆள்தான் சேர்த்துவிட்டேன், கமிஷன்தான் வாங்கினேன்" என்பவர் இந்த ஸஃப்பில் இருந்தால், அவர் வாங்கியது எதன் விலை என்று யோசிக்கட்டும். அந்தக் காசு பள்ளிவாசல் உண்டியலுக்கும் வேண்டாம்.

ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில், அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட வேண்டியவர்களையும் கடனாளிகளையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான். வெறும் முன்பணக் கடனுக்காக ஒரு குடும்பம் சூளைக்குப் போகிறது என்றால், அந்தக் கடனை அடைப்பது மஹல்லாவின் கடமை. வெளிநாட்டு வேலை என்று யார் வந்தாலும், அந்த ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் வேலை என்றால் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் ரிஸ்கை ஹலாலாக்குவாயாக! சிக்கியிருக்கும் பிள்ளைகளைப் பெற்றோரிடம் சேர்ப்பாயாக! ஆமீன்.