மலைநாட்டுக்கு விரைந்து சென்றவர்



ஞாயிறு சாயங்காலம் நம் தேயிலைத் தோட்ட லயங்களில் எந்தத் திருப்பத்தில் நின்றால் செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கத்தாரிலிருந்து மகன் பேசுவான், அயர்லாந்திலிருந்து மகள் பேசுவாள். "சாப்பிட்டியா? சம்பளம் போட்டாங்களா? எப்ப வர்ற?" என்று கேட்பீர்கள். கொழுந்து பறித்துப் பிள்ளை வளர்த்தவர்களுக்கு அப்படிக் கேட்க எல்லா உரிமையும் உண்டு. ஆனால் சில பெற்றோர் என்னிடம் வந்து வருத்தப்படுகிறார்கள். "ஃபாதர், லீவு கிடைச்சா ஓவர்டைம் பாக்காம, கோயில்ல இளைஞர் முகாம்னு போயிடுறான். அங்க பாத்திரம் கழுவுறானாம், பாய் விரிக்கிறானாம். இதுக்கா கடன் வாங்கி அனுப்பினோம்?"

பெற்ற வயிறு அப்படித்தான் கேட்கும். பதிலை லூக்கா நற்செய்தியில் தேடுவோம். அன்னை மரியா இளம் பெண், தாமே கருவுற்றிருந்தவர். அந்த நிலையில் யூதேய மலைநாட்டுக்கு விரைந்து போகிறார். எலிசபெத்தோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்குகிறார். அந்த மூன்று மாதமும் அங்கே என்ன செய்தார் என்று லூக்கா எழுதவில்லை. வயதான காலத்தில் பிள்ளை உண்டான வீட்டில் என்ன வேலை கிடக்கும் என்று நம் அம்மாமாருக்கு எழுதிக் காட்ட வேண்டியதில்லை. ஆண்டவரை வயிற்றில் சுமந்தவர், அடுத்தவர் வீட்டில் தண்ணீர் சுமந்திருப்பார் என்றே நான் நம்புகிறேன். 2023 ஆகஸ்டில் லிஸ்பனில் உலக இளைஞர் நாள் கூடியபோது, மரியாவின் இந்தப் பயணத்தைத்தான் கருப்பொருளாக வைத்தார்கள். நிறைவுத் திருப்பலிக்கு ஏறக்குறைய 15 லட்சம் பேர். வழிகாட்டவும் வரிசை ஒழுங்குபடுத்தவும் 20,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள். எல்லாம் முடிந்தபின் திருத்தந்தை பிரான்சிஸ் அந்தத் தன்னார்வலர்களைத் தனியே சந்தித்து நன்றி சொல்லிவிட்டே ரோமுக்குத் திரும்பினார்.

வீட்டை விட்டுப் போய் அடுத்தவருக்கு உதவும் இந்த வழியில்தானே நமக்கும் விசுவாசம் வந்தது? நம் தாத்தா பாட்டிமார் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் போடி வழியாக மலை ஏறி வந்தவர்கள். அவர்களுக்கு இங்கே யாரைத் தெரியும்? 1898-இல் மூணாறில் கார்மேல் அன்னை ஆலயத்தைத் தொடங்கியவர் அல்போன்ஸ் அடிகள், ஸ்பெயின் நாட்டுக் கார்மேல் துறவி. 2024-இல் அந்த ஆலயம் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமைக்கு விதை போட்டவர், தம் ஊரை விட்டு இந்தக் குளிருக்குள் வந்த ஓர் அந்நியர். அவருடைய தாயும் ஸ்பெயினில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

இன்னும் பின்னே போனால் மறைபரப்பாளர் புனித சவேரியார். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். நோயாளிகள் வீடுகளிலிருந்து ஓயாமல் அழைப்பு வர, ஒருவராய் எல்லா வீட்டுக்கும் போக முடியாமல், அந்தப் பிள்ளைகளையே செபிக்க அனுப்பினார். இளையவர்களிடம் பொறுப்பைக் கொடுக்கத் தயங்கும் பங்குகள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

நம் காலத்திலும் அப்படித்தான்: கேரளத்தில் 1985-இல் உருவான ஜீசஸ் யூத் இயக்கத்தை வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கொண்டுபோனவர்களில் நர்சுகளும், வேலை தேடிப் போன சாதாரணப் பிள்ளைகளும் நிறையப் பேர். யாரும் அவர்களை மறைபரப்பாளர் என்று அனுப்பவில்லை. 2016-இல் வத்திக்கானே அந்த இயக்கத்தை அங்கீகரித்தது. எல்லா நாட்டிலும் வெட்டவெளியில் முகாம் போட முடியாது. கத்தாரில் ஆலயம் திறந்ததே 2008-இல்தான். சட்டம் அனுமதிக்கும் வளாகத்துக்குள், ஷிப்ட் முடிந்த களைப்போடுதான் நம் பிள்ளைகள் கூடுகிறார்கள். முகாமின் முதல் ராத்திரி ஒரு சிறுவன் வீட்டை நினைத்து அழுவான். அவன் பக்கத்தில் உட்கார யாரால் முடியும்? வீட்டை நினைத்து அழுத ஒருவனால்தான். உங்கள் மகனின் தனிமையை ஆண்டவர் வீணாக்கவில்லை, அம்மா. அதையே இரக்கமாக மாற்றி இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கிறார்.

அப்படியானால் நம்மையே கேட்டுக்கொள்வோம்: பிள்ளையை அனுப்பியபோது அவனிடமிருந்து பணத்தை மட்டும்தான் எதிர்பார்த்தோமா? அவன் நல்லவனாக இருக்க வேண்டும் என்று செபமாலை சொன்னோமே, அந்தச் செபம் கேட்கப்படும்போது ஏன் கலங்குகிறோம்?

சிலர் தலை குனிந்திருக்கிறீர்கள். "என் பிள்ளை முகாமுக்கு என்ன, பூசைக்கே போறதில்லை ஃபாதர்." ஏஜெண்டு கடன் அடைக்க விடுமுறை நாளிலும் வேலை பார்க்கிறவன் அவன். அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவன் வேலை செய்யும் இடத்திலும் ஆண்டவர் அவனோடு இருக்கிறார். அவனுக்காக நாம் வைக்கும் செபமும் அங்கே போய்ச் சேரும்.

ஒரே ஒரு வேண்டுகோள். மே மாதம் நம் பங்கில் பிள்ளைகளுக்கு விடுமுறை மறைக்கல்வி நடக்கும். அந்தச் சமயம் வெளிநாட்டிலிருந்து லீவில் வரும் உங்கள் மகனையோ மகளையோ இரண்டு நாள் எங்களுக்குக் கொடுங்கள். பெயரை உபதேசியாரிடம் இன்றைக்கே சொல்லிவிட்டுப் போங்கள்.