பன்னிரண்டு கைகள், இரண்டே கண்கள்

வி. சாந்தாராமின் ‘தோ ஆங்கேன் பாரா ஹாத்’ (1957) படத்தின் தலைப்பிலேயே ஒரு கணக்கு இடிக்கிறது. இரண்டு கண்கள், பன்னிரண்டு கைகள். கண்கள் சிறை அதிகாரி ஆதிநாத்துடையவை; கைகள் ஆறு கொலைக் கைதிகளுடையவை. சரி, அந்த ஆறு பேருக்கும் சொந்தமாக இருந்த பன்னிரண்டு கண்கள் எங்கே போச்சு?

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1975இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘பல்லாண்டு வாழ்க’ இதன் தமிழ் வடிவம்தான். ஆதிநாத் ஆறு கைதிகளைச் சிறையிலிருந்து ஒரு தரிசு நிலத்துக்குக் கூட்டிப்போய் விவசாயம் செய்யவைக்கிறார். மதில் கிடையாது, துப்பாக்கிக் காவல் கிடையாது. (இது வெறும் கற்பனை இல்லை. அவுந்த் சமஸ்தானத்தில் சுதந்திரபூர் என்ற இடத்தில் நடந்த திறந்தவெளிச் சிறைச் சோதனைதான் படத்துக்குத் தூண்டுதல்.) ஒருகட்டத்தில் அவர்கள் தப்பி ஓடப் பார்க்கிறார்கள். ஆதிநாத்தின் கண்கள் விடுவதில்லை. திரும்பி வந்துவிடுகிறார்கள்.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரமி பெந்தாம் ஒரு வட்டச் சிறைக்குத் திட்டம் போட்டார். நடுவில் கோபுரம், சுற்றிலும் அறைகள். கோபுரத்தில் காவலன் இருக்கிறானா என்று கைதிக்குத் தெரியாது. அதனால் எந்நேரமும் யாரோ பார்ப்பதாகவே நினைத்து ஒழுங்காக இருப்பான். ஆதிநாத் அந்தக் கோபுரத்தைக் கைதியின் மண்டைக்குள்ளேயே கட்டிவிட்டார் என்று சொன்னால் என்ன தப்பு? கட்டடச் செலவும் மிச்சம்!

ஆனால் ஒன்று இருக்கு. காவலன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போனால் கைதிக்கு நிம்மதி, அவ்வளவுதான். ஆதிநாத் அப்படி இல்லை. இவர்களை நம்பி வெளியே கூட்டிவந்தவர் அவர்; இவர்கள் ஓடினால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. கிட்டத்தட்ட ஜாமீன் நின்ற ஆள். மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் வேறு, நம்மை நம்பின ஒருத்தரைத் தலைகுனிய வைக்கிறோமே என்ற கூச்சம் வேறு. நாம் மட்டும் எப்படி வளர்ந்தோம்? கடைக்கு அனுப்பிவிட்டு மீதிச் சில்லறையை எண்ணாமல் வாங்கி வைத்துக்கொண்ட ஒரு அம்மா, நமக்குள் எந்தக் கண்காணிப்புக் கேமராவும் செய்யாத ஒன்றைச் செய்திருக்கிறாள். தகுதி வந்தபிறகு கிடைத்த நம்பிக்கை இல்லை அது. முதலில் நம்பிக்கை, தகுதி பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது.

இந்த அளவுக்குப் படத்தோடு எனக்குச் சண்டை இல்லை. முடிவில்தான் இருக்கிறது. சந்தைப் போட்டியில் எதிரி ஏவிவிட்ட காளைகளோடு மோதி ஆதிநாத் சாகிறார். செத்தபிறகும் அந்தக் கண்களைப் படம் விடமாட்டேன் என்கிறது. ஆதிநாத்தாக நடித்தவரும் சாந்தாராமேதான். காளைச் சண்டையைப் படமாக்கும்போது அவருடைய கண்ணிலேயே அடிபட்டது. அப்படிப்பட்டவருக்கு அந்தக் கண்களை மூடிவிட மனசு வந்திருக்காதுதான்.

எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது வேறொரு காட்சி. ஆதிநாத் இறந்து மூன்று மாதம் ஆன ஏதோ ஒரு காலை. வானத்தில் வெறும் வெயில். ஆறு பேரில் ஒருவன் எழுந்து, யார் ஞாபகமும் வராமல், செடி வாடுதே என்று தண்ணீர் இறைக்கப் போகிறான்.