யானைக் குளியல்

பெங்களூருவின் தென்கோடியில், ஓசூர் சாலையை ஒட்டிய சந்தாபுராவில் ஓர் ஏரி உள்ளது. கழிவுநீரால் அது கெட்டுப்போனதைக் கண்டு, 2022 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. இவ்வூரில் வாழும் எனக்கு அன்றுமுதல் ஒரு கேள்வி. ஒன்றைக் கெடுத்தவன் எதைச் செய்தால் அது சரியாகும்? பணம் கட்டினாலா, அழிந்ததை மீண்டும் உண்டாக்கினாலா?

அழிந்ததைக் கையாலேயே மீண்டும் உண்டாக்க முயல்வோர் பாக் விரிகுடாவில் இருக்கிறார்கள். அங்கே கடலடியில் கடற்புல் வெளிகள் பரந்துள்ளன. கடற்புல் பாசி அன்று. வேரும் இலையும் கொண்டு, நீருக்குள்ளேயே பூத்துக் காய்க்கும் தாவரம். 'ஆவுளியா' என்று மீனவர் அழைக்கும் கடற்பசுவுக்கு இதுவே உணவு. மீன்குஞ்சுகளும் இறால்களும் இதன் மறைவில் வளர்கின்றன. இழுவை மடி தரையைச் சீவிச் செல்லும்போது இப்புல் வேரோடு பெயர்ந்துவிடுகிறது.

தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அதற்கு முன்பே ஓம்கார் என்னும் தொண்டு நிறுவனம் அக்கரையில் கடற்புல் நடவைத் தொடங்கியிருந்தது. மூங்கிற் சட்டத்தில் தென்னங்கயிற்றைப் பின்னி, செழித்த இடத்திலிருந்து எடுத்த புல்துண்டுகளை ஒவ்வொன்றாக அதில் கட்டிக் கடலடியில் பதிக்கிறார்கள். நாளடைவில் மூங்கிலும் கயிறும் மட்கிவிடும். அதற்குள் புல் மணலில் வேர்பிடித்தாக வேண்டும்.

அறுத்தவர் ஒருவர், நடுபவர் வேறொருவர். இது நியாயமா என்று கேட்கலாம். நடுபவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு கரையில் நிற்கவில்லை என்பதே எனக்குப் போதுமான விடையாகத் தோன்றுகிறது. உண்மையான இடர் வேறு. நட்ட இடத்துக்கே மடி மறுபடியும் வந்தால்? கலங்கிய நீரில் வெயில் புகாவிட்டால்? கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்னும் விதி தமிழகத்தில் நெடுங்காலமாக உண்டு, மீறல்களும் உண்டு.

பாகவதத்தின் ஆறாம் ஸ்கந்தத்தில் பரீட்சித்து மன்னன் சுகரிடம் இதைத்தான் கேட்கிறான். பிராயச்சித்தம் செய்தபின் அதே பாவத்துக்குத் திரும்புபவன், குளித்துக் கரையேறியதும் புழுதியை வாரி மேலே போட்டுக்கொள்ளும் யானையைப் போன்றவன் அல்லனா என்பது அவன் ஐயம். இழப்பீடு கட்டியபின்னும் ஏரிக்குள் கழிவுநீர் வந்துகொண்டிருந்தால் அதுவும் யானைக் குளியலே. நடுவதைவிட நிறுத்துவது கடினம். நடுவதற்குச் சிலர் போதும். நிறுத்துவதற்கோ எல்லோரும் வேண்டும்.

அந்த 'எல்லோரும்' யார்? படகுக் கடனும் டீசல் செலவும் துரத்த மடியை இழுக்கும் மீனவரை மட்டும் சுட்டிவிட்டு நாம் விலகிக்கொள்ள இயலாது. கடலிலிருந்து இவ்வளவு தொலைவில் உள்ள சந்தாபுராவுக்கும் பனிக்கட்டிப் பெட்டிகளில் இறால் வருகிறது. அது எந்த வலையில் விழுந்தது என்று விற்பவரிடம் நான் இதுவரை கேட்டதில்லை.