மெட்ராஸ்ல கிடைக்கலையோ?

தென்காசிப் பக்கம் பிள்ளையைப் படிக்க வைப்பதே வெளியூருக்கு அனுப்பத்தான். படித்தவன் ஒரு சாயங்காலம் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏற வேண்டும். குற்றாலச் சீசனுக்கும் கோயில் கொடைக்கும் வந்து தலையைக் காட்ட வேண்டும். எங்கள் சொந்தத்தில் ஒரு பையனுக்கு மத்தளம்பாறையில் மென்பொருள் வேலை கிடைத்தபோது, கல்யாண வீட்டில் அத்தை ஒருத்தி அவனிடம் கேட்டாள்: "ஏம்ல, மெட்ராஸ்ல ஒண்ணும் கிடைக்கலையோ?" கிண்டல் இல்லை, நிஜமாகவே இரக்கப்பட்டாள்.

குற்றாலத்துக்குப் பக்கத்துக் கிராமமான மத்தளம்பாறைக்கு ஸோஹோ என்ற மென்பொருள் கம்பெனி எப்படி வந்தது என்று யோசித்தால், கதை 1996இல் போய் நிற்கிறது. ஸ்ரீதர் வேம்பு, அவருடைய சகோதரர்கள், டோனி தாமஸ் ஆகியோர் சேர்ந்து தொடங்கியபோது அதன் பெயர் அட்வென்ட்நெட். தொலைத்தொடர்புக் கருவி செய்யும் கம்பெனிகளுக்கு, நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மென்பொருளை எழுதிக் கொடுத்தார்கள். வெளியார் முதலீடு வாங்கவில்லை. 2001 வாக்கில் அமெரிக்காவில் டாட்காம் வீக்கம் வெடித்து, வாடிக்கையாளர்கள் வரிசையாகக் காணாமல் போனார்கள். கடன் கொடுத்தவனோ பங்கு வாங்கியவனோ கழுத்தில் துண்டைப் போட ஆள் இல்லாததால், கையிருப்பை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்க அவகாசம் கிடைத்தது. அப்படி வந்ததுதான் மேனேஜ்எஞ்சின் என்ற மென்பொருள், 2005இல் ஸோஹோ என்ற இணையவழி மென்பொருள், 2009இல் கம்பெனியின் பெயரே ஸோஹோ.

அடுத்தவன் பணத்தில் தொழில் நடத்தினால் காலண்டரும் அவனுடையதுதான். மூன்று வருடத்தில் எத்தனை மடங்கு, எப்போது விற்கலாம் என்று கணக்குப் பார்ப்பவர்கள் இருக்கும் அறையில், மத்தளம்பாறையில் ஆபீஸ் போடலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். மத்தளம்பாறை சாத்தியமானதற்கு வேறொரு காரணமும் உண்டு. பிறர் கம்பெனிக்கு ஆள் அனுப்பிச் சம்பாதிக்கும் தொழிலுக்கு விமான நிலையம் பக்கத்தில் வேண்டும். சந்தா கட்டி இணையத்தில் பயன்படுத்தும் பொருளை எங்கிருந்தும் செய்யலாம். வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ஸோஹோ டெஸ்க் தென்காசிப் பக்கத்தில் வளர்ந்த சரக்கு. எங்கோ ஒரு தேசத்துக் கடைக்காரர் அதைத் திறக்கும்போது, பழைய குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்பது அவருக்கு எதற்கு?

ஸோஹோ நடத்தும் பள்ளியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமாவோ முடித்தவர்களைச் சேர்த்து, உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவித்து, வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். கல்லூரிப் பட்டம் கிடையாது. நம் ஊரில் இது சாதாரணத் துணிச்சல் இல்லை. சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே, "மாப்ள என்ன படிச்சிருக்காரு?" என்று கேட்கிற ஊர் இது.

ஆனாலும் ஒரு நெருடல். வேம்பு 2019இல் மத்தளம்பாறையில் குடியேறினார். அவர் பிறந்தது தஞ்சாவூர் மாவட்டம்; பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்று, கலிபோர்னியாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். உலகத்தைப் பார்த்தபின் பொதிகை மலையடிவாரம் போதும் என்று அவர் முடிவெடுத்ததும், பதினெட்டு வயதில் வேறெதையும் பார்க்காமல் அங்கேயே தங்கிவிடுவதும் ஒன்றாகிவிடாது. இந்தப் பையன்களுக்கு ஊரிலேயே இருக்கும் வசதி கிடைத்ததும், வேறொருவர் எடுத்த முடிவால்தான். ஸோஹோ மாதிரி இன்னும் நாலு கம்பெனி அதே சாலையில் வந்தால்தான், இங்கேயே இருப்பது அவர்கள் தேர்ந்தெடுத்ததாகும்.

என் காலத்தில் அந்த ஆபீஸ் இருந்திருந்தால் நான் ஊரிலேயே இருந்திருப்பேனா? மாட்டேன். நான் ரயிலேறியது வேலைக்காக மட்டும் இல்லை. யாருடைய மகன், எந்தத் தெரு என்று கேட்காத ஓர் ஊர் எனக்கு வேண்டியிருந்தது. பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் கூடுதல். மத்தளம்பாறையில் வேலை முடிந்து ஒரு பெண் எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள் என்பது, அவள் அம்மாவுக்குத் தெரியும் முன்பே எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்குத் தெரிந்துவிடும். சென்னையில் அவள் கொடுக்கும் ஹாஸ்டல் வாடகையில் ஒரு பங்கு, அந்தப் பெரியம்மா அங்கே இல்லாததற்குத்தான்.