சாட்சியின் வாயை அடைக்கும் எண்ணெய்

பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, புது வண்டியின் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறவரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். திருவனந்தபுரத்தில் படித்தவர்கள் நிறைய, சிரிப்பவர்களும் நிறைய. அப்படிச் சிரிக்கும் ஒருவர் இருபது வருடம் ஓடிய ஹோண்டா சிட்டி விடெக் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2000-இல் 106 குதிரைத்திறனோடு வந்து நம் ஊர் இளைஞர்களைக் கிறங்கடித்த வண்டி. நம்மில் பெரும்பாலோர் தொட்டுப் பார்க்க முடிந்த ‘ஸ்போர்ட்ஸ் கார்’ அதுதான். அவர் கரமனையில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சொல்கிறார்: “வண்டி பழசாயிடுச்சு ஆசானே, கொஞ்சம் கட்டியான ஆயிலா ஊத்திடுங்க.” ஆசான் தலையசைக்கிறார். 20டபிள்யூ-50 டின் திறக்கப்படுகிறது.

எலுமிச்சம்பழம் வைத்தவர், கட்டி ஆயில் கேட்டவர் ஆகிய இருவரில் பெரிய மூடநம்பிக்கைக்காரர் இரண்டாமவர் என்று நான் சொல்கிறேன். எலுமிச்சம்பழம் எஞ்சினுக்குள் போவதில்லை, தன்னை அறிவியல் என்று சொல்லிக்கொள்வதும் இல்லை. இரண்டாமவரோ எதையும் அளக்கவில்லை. ஆயில் பிரஷர் பார்க்கவில்லை, வண்டியோடு வந்த புத்தகத்தைத் திறக்கவில்லை, வண்டி எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்று குறித்து வைக்கவில்லை. ‘பழசு’ என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. டின்னில் எண் அச்சடித்திருப்பதால் தான் பகுத்தறிவோடு நடந்துகொண்டதாக அவர் நம்புகிறார். தன் நம்பிக்கையை அறிவு என்று நினைப்பவரிடம் கேள்வி கேட்பதுதான் மிகக் கடினம்.

அந்த எண்களைப் பார்ப்போம். டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில் எண்ணெய் நடந்துகொள்ளும் விதம். 20டபிள்யூ என்றால் மைனஸ் 15 டிகிரியிலும், 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரியிலும் எஞ்சின் சுழல விடுகிறதா என்று சோதித்திருக்கிறார்கள். தெர்மாமீட்டர் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வமான நம் ஊரில் இந்த எண்ணைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. பின்னால் வரும் எண்தான் நமக்கு முக்கியம். அது 100 டிகிரி சூட்டில் எண்ணெயின் பிசுப்பைச் சொல்கிறது. எஸ்ஏஇ அமைப்பின் தரப்படி 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை, 40 என்றால் 16.3 வரை, 50 என்றால் 21.9 வரை. 30-இலிருந்து 50-க்குத் தாவுகிறவர் எண்ணெயின் பிசுப்பைப் பொதுவாக ஒன்றரை மடங்குக்கு மேல் ஆக்குகிறார்.

“இங்கே வெயில் அதிகம், அதனால் கட்டியான ஆயில்தான் சரி” என்பது அடுத்த வாதம். சூடேறிய எஞ்சினில், சாதாரண ஓட்டத்தில், எண்ணெய் 90 முதல் 110 டிகிரி வரை இருக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரின் சூட்டைத் தெர்மோஸ்டாட் கட்டுப்படுத்துகிறது. வெளியே 15 டிகிரி இருக்கும் ஊருக்கும் 32 டிகிரி இருக்கும் ஊருக்கும் உள்ள இடைவெளி, ஓடும் எஞ்சினின் பேரிங்கை எட்டும்போது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பொன்முடி ஏற்றத்தில் வண்டியை விரட்டி ஓட்டுகிறவருக்கு எண்ணெய் கூடுதலாகச் சூடாகும், உண்மைதான். அவர் சூட்டை அளந்துவிட்டுப் பேசட்டும்.

உள்ளே நடப்பது அழகான விஷயம். கிராங்க் தண்டு பேரிங்கின் மேல் உரசிக்கொண்டு சுற்றுவதில்லை. எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. 1883-இல் பீச்சம் டவர் என்ற ஆங்கிலப் பொறியாளர் ரயில் அச்சுகளைச் சோதித்தபோது எண்ணெய்க்குள் எழும் இந்த அழுத்தத்தைக் கண்டார். 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணிதம் எழுதினார். படலம் தடிமனாக இருக்கப் பிசுப்பு வேண்டும். ஆனால் இடுக்குகளுக்குள் வேகமாக ஓடிப் போய்ச் சேர, சூட்டை அள்ளிக்கொண்டு வர, எண்ணெய் இளகியும் இருக்க வேண்டும். இந்த இரண்டு தேவைகளுக்கும் நடுவில்தான் ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஓர் எண் கிடைக்கிறது. காலையில் சாவியைத் திருப்பும்போது எந்த எண்ணெயும் தேவைக்கு மேல் கட்டியாகத்தான் இருக்கும். 100 டிகிரியில் 18 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும் 20டபிள்யூ-50, 40 டிகிரியிலேயே ஏறத்தாழ 160-ஐத் தொடும்.

கட்டி ஆயில் ஊற்றியதும் பிரஷர் முள் மேலே ஏறுகிறது, உரிமையாளர் மகிழ்கிறார். முள் காட்டுவது எண்ணெய்க்கு வழியில் உள்ள தடையை. எவ்வளவு எண்ணெய் பேரிங்கைப் போய்ச் சேர்ந்தது என்பதை அது காட்டுவதில்லை. தடை எல்லை மீறினால் ரிலீஃப் வால்வு திறந்து, ஒரு பங்கு எண்ணெய் பேரிங்கைப் பார்க்காமலே திரும்பிவிடும். விடெக் போன்ற எஞ்சினில் எண்ணெய்தான் ஒரு பின்னைத் தள்ளி கேமை மாற்றுகிறது. அங்கே அதன் ஓட்டம் இன்னும் முக்கியம்.

இதெல்லாம் அறிவுப் பிழை, திருத்திக்கொள்ளலாம். என்னைக் கோபப்படுத்துவது இதன் அறநெறிப் பக்கம்.

தேய்ந்த எஞ்சின் பேசும். டேப்பட் தட்டும், பேரிங் முனகும், ரிங் போனால் நீலப் புகை வரும். கட்டி ஆயில் அந்தப் பேச்சை அமுக்குகிறது. சத்தம் குறையும், புகையும் கொஞ்சம் குறையும். தேய்ந்த உலோகம் ஒரு மில்லிமீட்டர்கூடத் திரும்பி வளராது. பழைய கார் வியாபாரத்தில் விற்பதற்கு முன் கட்டி ஆயிலும் அதற்கு மேல் ஒரு பாட்டில் மருந்தும் ஊற்றுவது தெரிந்த வித்தை. சாட்சியின் வாயை அடைத்துவிட்டு வழக்கை முடிக்கிறார்கள். வாங்குபவர் யார்? பெரும்பாலும் தம் முதல் காரைக் கடன் வாங்கி வாங்குகிற ஒருவர். குடும்பத்தோடு நாகர்கோவில் போகும் வழியில் அந்த எஞ்சின் இறுகி நிற்கும்போது விற்றவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

விற்றவர் ஏமாற்றுக்காரர், சரி. தன் சொந்த வண்டியில் அதையே ஊற்றி, “இப்போ நல்லா ஓடுது” என்று தன்னையே நம்பவைத்துக்கொள்கிறவர்? 1877-இல் வில்லியம் கிளிஃபர்ட் என்ற கணித அறிஞர் இந்தக் கேள்வியை ஒரு கப்பல் முதலாளியை வைத்து எழுப்பினார். பழைய கப்பல், சந்தேகம் வருகிறது, சோதிக்காமல் சந்தேகத்தை விரட்டிவிட்டுப் பயணிகளை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளியே என்றார் கிளிஃபர்ட். நம்பிக்கை பலித்ததா என்பது கேள்வியில்லை, அப்படி நம்ப அவருக்கு உரிமை இருந்ததா என்பதே கேள்வி. பின்சீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டுகிறவர் ஒவ்வொருவரும் ஒரு சிறு கப்பல் முதலாளிதான்.

“பத்து வருஷமா இதான் ஊத்துறேன், ஒண்ணும் ஆகலை” என்று பதில் வரும். இதற்குப் பூஜப்புரை சிறையிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. 1924-இல் வைக்கம் போராட்டத்துக்காகப் பெரியார் அங்குள்ள திருவனந்தபுரம் மத்திய சிறையில் அடைக்கப்பட்டிருந்தார். போராட்டக்காரர்களை ஒழிக்க நம்பூதிரிகள் சத்ரு சம்ஹார யாகம் செய்தார்கள் என்பது நம் பகுத்தறிவு மேடைகளில் வழிவழியாகச் சொல்லப்படுவது. ஆகஸ்ட் 7-இல் இறந்தவரோ திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாள். சில வாரங்களில் சத்தியாகிரகிகள் விடுதலையானார்கள். யாகம் திரும்பி அடித்துவிட்டது என்று ஊர் பேசியது. நம் கூட்டங்களிலும் இதைச் சொல்லும்போது கை தட்டுகிறோம். தட்டுகிற கைகளைக் கேட்கிறேன்: யாகம் திரும்பி அடித்தது என்பதில் உங்களுக்கு ஏன் இவ்வளவு மகிழ்ச்சி? யாகத்துக்கும் அந்த மரணத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது முன்னால் நடந்தது, இது பின்னால் நடந்தது, அவ்வளவுதான். யாகம் பலிக்கவில்லை என்று சொல்லிக் கை தட்டுங்கள், சரி. ‘திரும்பி அடித்தது’ என்று ரசிக்கிற கணத்தில் நாமும் யாகத்தை நம்புகிறவர்கள் ஆகிறோம். கட்டி ஆயில் ஊற்றினேன், வண்டி பத்து வருடம் ஓடியது என்பதும் இதே வகை. சரியான ஆயில் ஊற்றியிருந்தால் எவ்வளவு ஓடியிருக்கும் என்று சொல்ல அவரிடம் இரண்டாவது எஞ்சின் இல்லை.

அவசரமாக மறுப்பதும் இதே நோய்தான். கவடியாரில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் மெர்சிடிஸ் பென்ஸ் 180 ஒன்று இருந்தது. சிஏஎன் 42 என்ற கர்நாடகப் பதிவெண். 1950-களில் 12,000 ரூபாய்க்கு வாங்கியது என்றும், 23 லட்சம் மைல் ஓடியது என்றும் செய்தித்தாள்கள் எழுதின. நாற்பது ஆண்டு ஓடியதாக வைத்துக்கொண்டால் ஒரு நாள் தவறாமல் 250 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. சுத்தப் பொய் என்று சொல்லத் தோன்றும். நில்லுங்கள். நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் இர்வ் கார்டன் என்ற அறிவியல் ஆசிரியர் 1966-இல் வாங்கிய சிவப்பு வோல்வோ 1800 ஸ்போர்ட்ஸ் காரை 2018-இல் இறக்கும்வரை ஓட்டினார். 32 லட்சம் மைல். ஆண்டுக்கு அறுபதாயிரத்துக்கு மேல். ஆக, நடக்கவே முடியாத கணக்கு என்று கவடியார்க் காரைத் தள்ளிவிட முடியாது. கார்டனின் சாதனையை கின்னஸ் ஏற்றது, அவர் பராமரிப்பைப் புத்தகம் சொன்னபடி செய்து கணக்கும் வைத்திருந்தார். பென்ஸின் எண்ணைப் பற்றி என் தீர்ப்பு, பதிவேட்டைப் பார்க்கும்வரை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ராஜா வண்டி என்பதால் கூட்டிச் சொல்லவும் வேண்டாம், ராஜா வண்டி என்பதாலேயே குறைத்துச் சொல்லவும் வேண்டாம்.

புத்தகம் சொன்னபடி என்றேன். புத்தகத்தையே வேதமாக்கினால் நாம் கோயில் மாறிக் கும்பிடுகிறோம் என்றுதான் பொருள். பிஎம்டபிள்யூ தன் இ46 எம்3 ஸ்போர்ட்ஸ் காருக்கு முதலில் 5டபிள்யூ-30 சொன்னது. கனெக்டிங் ராட் பேரிங்குகள் போகத் தொடங்கின. நிறுவனம் பேரிங்கை மாற்றிக் கொடுத்தது, எண்ணெயையும் 10டபிள்யூ-60 ஆக்கியது. இங்கே கட்டி ஆயிலே சரி. எஞ்சினின் வயது அங்கே காரணம் இல்லை. உடைந்த பேரிங் சாட்சி சொன்னது.

கேரள அமைச்சர்களைச் சுமந்த அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினும் எம்ஜிஏ என்ற ஆங்கில ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்துக்கு 20டபிள்யூ-50 பொருந்தும். அங்கே பிசுப்பு மட்டும் கதையில்லை. புகைக்குழாய் கேட்டலிஸ்டைக் காப்பாற்ற 2004-இல் வந்த ஏபிஐ எஸ்எம் தரம் இலகு எண்ணெய்களில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தியது. பாஸ்பரஸ் வருவது துத்தநாகச் சேர்க்கையிலிருந்து. பழைய டேப்பட் கேமை உரசலிலிருந்து காத்தது அதுதான். எண்ணை மட்டும் பார்த்து, மிக விலையுயர்ந்த புது 5டபிள்யூ-30-ஐப் பழைய எம்ஜிஏவில் ஊற்றுகிறவர் கேமைத் தின்னக் கொடுக்கிறார். ‘புதுசு நல்லது’ என்பதும் ‘பழசுக்குக் கட்டி’ என்பதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள்.

வண்டி சூடான பின் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி ஐடிலிலும் 3000 சுற்றிலும் பிரஷர் எடுத்து, ஒர்க்‌ஷாப் கையேட்டோடு ஒப்பிடலாம். கம்ப்ரஷன் பார்க்கலாம். ஆயிரம் கிலோமீட்டருக்கு டிப்ஸ்டிக் எவ்வளவு இறங்கியது என்று எழுதி வைக்கலாம். வடித்த ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஈயமும் செம்பும் கூடியிருக்கிறதா என்று தெரியும். அவை பெரும்பாலும் பேரிங்கிலிருந்து வருபவை. இத்தனைக்கும் பிறகு ஓர் எண் கூட்ட வேண்டியிருந்தால் கூட்டுங்கள், 30-ஐ 40 ஆக்குங்கள். அது கண்டுபிடித்த முடிவு. விற்கும்போது அதை வாங்குபவரிடம் எழுதிக் கொடுங்கள்: இந்த ஆயில், இந்தக் காரணம், பிரஷர் இவ்வளவு.

இன்னொருவரையும் மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பிலும் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். “ஏன் ஆசானே கட்டி ஆயில்?” என்று அவன் ஒருநாள் கேட்டிருப்பான், “சொன்னதைச் செய்டா” என்று பதில் வந்திருக்கும். நாளைக்கு அவனே ஆசான் ஆவான், அதே பதிலை இன்னொரு பையனுக்குச் சொல்வான். இந்தச் சங்கிலியை அறுக்கிற இடம் மேடையில் இல்லை, காசு கொடுக்கும் கவுண்டரில் இருக்கிறது. அடுத்த முறை ஆயில் மாற்றப் போகும்போது அந்தக் கேள்வியை நீங்கள் கேளுங்கள், அவன் காதில் விழும்படி கேளுங்கள். அளந்து சொல்கிற ஆசானுக்கு, அளந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.